நீண்ட நாள் நிற்கும் மோட்டார்ஹோம்: இன்ஜின் பேட்டரி ஏன் இறங்குகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது

பயணம் முடிந்து மோட்டார்ஹோமை, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டியை, ஓரங்கட்டி நாலு மாதம் ஆகியிருக்கும். அடுத்த பயணத்துக்கு முந்தின நாள் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். உடனே புது பேட்டரி வாங்கிப் போட்டுவிடுகிறோம். வண்டி கிளம்பிவிடும். ஆனால் பழைய பேட்டரியை இறக்கிய காரணம் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த முறை நிறுத்தும்போது புதியதையும் அது இறக்கிவிடும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டி காட்டும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதை வைத்துத்தான் நிற்கிறது.

முதலில்: எந்த பேட்டரி, எத்தனை வோல்ட்?

மோட்டார்ஹோமில் பேட்டரி இரண்டு வகை. ஒன்று இன்ஜினை செல்ஃப் அடிக்க வைப்பது. மற்றது உள்ளே விளக்கு, தண்ணீர் பம்ப், மின்விசிறி எல்லாம் ஓட்டுவது. இதை வீட்டு பேட்டரி என்று சொல்லிக்கொள்வோம். இரண்டும் ஒரே வண்டியில் இருந்தாலும் நிறுத்தி வைத்த நேரத்தில் பெரும்பாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. இந்தக் கட்டுரையில் வரும் பாதிக் குழப்பம் இதிலிருந்துதான் பிறக்கிறது.

இன்ஜின் பேட்டரி பானெட்டுக்குள் இருக்கலாம், இருக்கைக்கு அடியில் இருக்கலாம், ஓட்டுநர் காலடியில் தரைப்பலகைக்குக் கீழே ஒளிந்திருக்கலாம், பெரிய வண்டிகளில் பின்பக்கப் பெட்டியிலும் இருக்கலாம். வண்டியின் கையேட்டைப் பார்த்து முதலில் அதை நேரில் கண்டுபிடியுங்கள். உள்ளே சுவரில் இருக்கும் பேனலில் தெரியும் எண் பல வண்டிகளில் வீட்டு பேட்டரியுடையது. ஒரு பட்டனை அழுத்தினால் இன்ஜின் பேட்டரிக்கு மாறும் பேனல்களும் உண்டு. எப்படியிருந்தாலும் நம்ப வேண்டிய எண் ஒன்றுதான்: வோல்ட், ஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டரின் சிவப்பு முனையை இன்ஜின் பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலிலும் கறுப்பு முனையை நெகட்டிவ் டெர்மினலிலும் வைத்து நீங்களே பார்த்த எண்.

அந்த எண்ணை எப்போது பார்க்கிறோம் என்பது முக்கியம். வண்டி ஓட்டி வந்தவுடனோ சார்ஜரைக் கழற்றியவுடனோ பார்த்தால் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அது மேலோட்டமான சார்ஜ், கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும். எல்லாவற்றையும் அணைத்து ஒரு ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் பார்ப்பது நல்லது. அவசரம் என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, ஐந்து பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

12 வோல்ட் ஈய ஆசிட் பேட்டரியில் 12.6 முதல் 12.8 வரை இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்தான் மிச்சம். 11.8க்குக் கீழே போய்விட்டால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆசிட் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் ஏஜிஎம் வகை பேட்டரியில் முழு சார்ஜில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்.

இதில் 12.4 என்ற எண்ணை மனதில் எழுதி வையுங்கள். அதற்குக் கீழே பேட்டரி வாரக்கணக்கில் கிடந்தால், தகடுகளில் படியும் ஈய சல்பேட் மெல்ல மெல்ல இறுகிப் படிகமாகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அதில் ஒரு பகுதி கரையாது. பேட்டரியின் கொள்ளளவு அந்த அளவுக்கு நிரந்தரமாகக் குறைந்துவிடும். 'ஸ்டார்ட் ஆகிறதே, பரவாயில்லை' என்று விடக்கூடாது என்பது இதனால்தான். நல்ல வெயில் நாளில் 12.2லும் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆனால் உள்ளே தகடு கெட்டுக்கொண்டே இருக்கும்.

உள்ளே விளக்கு பளிச்சென்று எரிகிறது, கரண்ட் இணைப்பும் இருக்கிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை

நான் அதிகம் கேட்ட புகார் இதுதான். மோட்டார்ஹோம் வைத்திருக்கும் ஒரு தம்பி ஒருநாள் போனில் அழைத்தார். "அண்ணா, நாலு மாசமா கரண்ட்லதான் போட்டு வச்சிருக்கேன். ஒரு நாள்கூட பிளக்கை எடுக்கலை. எப்படிண்ணா பேட்டரி இறங்கும்?" மீட்டரை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். வீட்டு பேட்டரியில் 13.6. இன்ஜின் பேட்டரியில் 8.9.

காரணம் எளிது. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் (இன்ஜினோடு சுற்றி மின்சாரம் உண்டாக்கும் கருவி) இரண்டு பேட்டரிகளையும் சார்ஜ் செய்யும். நடுவில் ஒரு ரிலே (தானாகத் திறந்து மூடும் ஸ்விட்ச்) இரண்டையும் இணைத்து வைத்திருக்கும். இன்ஜினை அணைத்ததும் அந்த ரிலே பிரிந்துவிடும். ராத்திரி முழுக்க விளக்கும் விசிறியும் ஓடினாலும் காலையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அதே பிரிவினால், வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கும்போது வண்டியின் சார்ஜர் வீட்டு பேட்டரிக்கு மட்டும் ஊட்டிக்கொண்டிருக்கும், இன்ஜின் பேட்டரி தானாக வடிந்துகொண்டிருக்கும். எல்லா வண்டியும் இப்படியில்லை. சிலவற்றில் சார்ஜரிலிருந்து இன்ஜின் பேட்டரிக்கும் ஒரு சின்ன கிளை போகும். உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று ஊகிக்கத் தேவையில்லை, கால் மணி நேரத்தில் தெரிந்துகொள்ளலாம்.

கரண்ட் பிளக்கை எடுத்துவிட்டு இன்ஜின் பேட்டரியின் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், 12.45 என்று வைத்துக்கொள்வோம். இப்போது பிளக்கைப் போட்டு, கால் மணி நேரம் கழித்து அதே இரண்டு டெர்மினல்களில் மறுபடி பாருங்கள். எண் 13ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் சார்ஜ் போகிறது. அதே 12.45 நின்றால் ஒரு துளிகூடப் போகவில்லை. கூரையில் சோலார் இருந்தால் இதே சோதனையை உச்சி வெயிலில் செய்யுங்கள். சோலார் கன்ட்ரோலரும் பெரும்பாலும் வீட்டு பேட்டரியோடு மட்டும்தான் கட்டப்பட்டிருக்கும்.

கையேட்டில் இன்ஜின் பேட்டரிக்கும் சார்ஜ் உண்டு என்று போட்டிருந்து, சோதனையில் எண் ஏறவில்லை என்றால், அந்தக் கிளை வயரில் உள்ள ஃபியூஸைத் தேடுங்கள். வழக்கமாக அது இன்ஜின் பேட்டரிக்குப் பக்கத்திலேயே தொங்கும் சின்ன ஃபியூஸ் பெட்டியில் இருக்கும். எரிந்திருக்கலாம், அல்லது ஃபியூஸ் நன்றாக இருந்தும் அதன் கால் பச்சை பூத்துத் தொடர்பு விட்டிருக்கலாம்.

சார்ஜ் போகும் வழியே இல்லை என்றால் அதை உண்டாக்க வேண்டும். வண்டி நிற்கும் இடத்தில் கரண்ட் இருந்தால், இன்ஜின் பேட்டரிக்கென்றே தனியாக ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் சார்ஜர் வைப்பதைத்தான் நான் எப்போதும் சொல்வேன். ஒன்று முதல் ஐந்து ஆம்பியர் போதும். பேட்டரி நிறைந்ததும் தானே 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கி, மாதக்கணக்கில் அங்கேயே நிற்கக்கூடிய வகையாக இருக்க வேண்டும். அதன் வளைய முனை வயரை டெர்மினலில் நிரந்தரமாக முறுக்கிவிட்டால், ஒவ்வொரு முறையும் தரைப்பலகையைக் கழற்ற வேண்டியதில்லை. பிளக் முனை மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும்.

கரண்ட் இல்லை, கூரையில் சோலார் மட்டும் உண்டு என்றால், வீட்டு பேட்டரியிலிருந்து இன்ஜின் பேட்டரிக்குச் சொட்டுச் சொட்டாக அனுப்பும் சின்னக் கருவி கிடைக்கிறது. வீட்டு பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது மட்டும், அதாவது அதன் வோல்ட் 13ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கும்போது, கொஞ்சம் ஆம்பியரை இந்தப் பக்கம் விடும். பாசிட்டிவ் வயர் இரண்டு, எர்த் ஒன்று என மூன்றே வயர்தான். இரண்டு பாசிட்டிவ் வயர்களிலும் பேட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸ் போடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். உரசி எர்த் ஆனால் வயர் தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஃபியூஸ்தான்.

வீட்டு பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றியவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட் காட்டும். வோல்ட்டைப் பார்த்துத் திறந்து மூடும் பழைய வகை ரிலே, 'சார்ஜ் நடக்கிறது' என்று எண்ணிப் பிரியாமலே கிடக்கும். இன்ஜின் பேட்டரிக்குத் தேவையான அளவு போனால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வண்டி முழுக்க ஒரே குட்டையாகிவிடுவதால், எந்தப் பக்கம் கசிந்தாலும் அந்த லித்தியம் பேட்டரிதான் காலியாகும். லித்தியத்துக்கு ஏற்ற அமைப்பு உள்ள கருவியாகக் கேட்டு வாங்குங்கள்.

முழுதாக சார்ஜ் ஏற்றி நிறுத்தினாலும் மூன்று வாரத்தில் இறங்கிவிடுகிறது

ஈய ஆசிட் பேட்டரி எதோடும் இணைக்காமல் சும்மா வைத்தாலும் கொஞ்சம் வடியும். நல்ல நிலையில் உள்ள பேட்டரி மிதமான வெப்பத்தில் மாதத்துக்கு 3 முதல் 5 சதவீதம் இழக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வடிதல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அப்படிப் பார்த்தாலும் மூன்று வாரத்தில் காலியாக வழியில்லை. அப்படி இறங்கினால் வண்டியில் ஏதோ ஒன்று குடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேட்டரி கெட்டுவிட்டது. எது என்று பிரிக்க, பேட்டரியை முழுதாக ஏற்றி நெகட்டிவ் வயரைக் கழற்றி அதே மூன்று வாரம் வையுங்கள். தனியாக இருக்கும்போது 12.6ஐ ஒட்டி நின்றால் பேட்டரி மேல் குற்றமில்லை.

வண்டியில் எப்போதும் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்: கடிகாரம், ரிமோட் பூட்டு, அலாரம், கன்ட்ரோல் யூனிட்டுகளின் நினைவு. 50 மில்லி ஆம்பியர் வரை வழக்கமானதே. ஆனால் வழக்கமானதே எவ்வளவு குடிக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி), 30 நாளில் 36. உங்கள் பேட்டரி 70 ஆம்பியர்-மணி என்றால் ஒரே மாதத்தில் பாதி காலி. தினமும் ஓடும் காருக்கு இது தெரியவே தெரியாது. மாதக்கணக்கில் நிற்கும் மோட்டார்ஹோமுக்கு எந்தக் கோளாறும் இல்லாமலே இது வந்துவிடும். இதில் நிறுத்தி வைத்த நிலையிலும் படம் பிடிக்கும் டாஷ்கேம் ஒன்று 250 மில்லி ஆம்பியர் எடுத்தால், பத்து நாள் தாங்காது.

கசிவை அளப்பது பொறுமை கேட்கும் வேலை, சரியாகச் செய்தால் பதில் நிச்சயம். சாவியை வண்டியிலிருந்து பல அடி தள்ளி வையுங்கள், பக்கத்தில் இருந்தாலே சில வண்டிகள் விழித்துக்கொள்ளும். பானெட் அல்லது கதவைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்றால், கதவின் விளிம்பில் உள்ள பூட்டு நாக்கை ஒரு ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கதவு மூடிவிட்டது என்று வண்டி நினைத்துக்கொள்ளும். வேலை முடிந்து கதவைச் சாத்தும் முன் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவிக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் பூட்டு நசுங்கும்.

மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். நெகட்டிவ் டெர்மினலிலிருந்து வயரைக் கழற்றி, டெர்மினலுக்கும் வயருக்கும் நடுவில் மீட்டரை இணையுங்கள். முதலில் இரண்டு மூன்று ஆம்பியர்கூடக் காட்டும், பயப்பட வேண்டாம், வயரைத் தொட்டதால் எல்லா யூனிட்டும் விழித்திருக்கும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் எதையும் தொடாமல் விட்டால் ஒவ்வொன்றாகத் தூங்கும், எண் படிப்படியாக விழும். அடங்கி நிற்கும் எண்தான் உங்கள் கசிவு. மீட்டர் நடுவில் இருக்கும்போது இக்னிஷனைப் போடவே கூடாது. செல்ஃப் இழுக்கும் மின்சாரம் நூற்றுக்கணக்கான ஆம்பியர். மீட்டரின் ஃபியூஸ் போவது நிச்சயம், சில மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸே இருக்காது.

எண் 50 மில்லி ஆம்பியரை (மீட்டரில் 0.05) தாண்டி நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் எண் சரிகிறதோ அந்த வழியில் கசிவு. எல்லா ஃபியூஸையும் எடுத்த பிறகும் எண் அப்படியே நின்றால், ஃபியூஸ் பெட்டி வழியாகப் போகாமல் பேட்டரி டெர்மினலிலேயே நேராகக் கட்டிய வயர் எது என்று பாருங்கள். மோட்டார்ஹோமில் இப்படிப் பின்னால் சேர்த்தவை நிறைய இருக்கும்: மின்சாரப் படிக்கட்டு, டிராக்கர், ரிவர்ஸ் கேமரா, இன்வர்ட்டர், கூடுதல் யூஎஸ்பி சாக்கெட். நீல விளக்கு எரியும் சின்ன யூஎஸ்பி சாக்கெட்கூட இருபத்து நாலு மணி நேரமும் குடிக்கும். மெக்கானிக் கோளாறு பார்க்கும் சர்வீஸ் சாக்கெட்டில் செருகி வைக்கும் ப்ளூடூத் கருவியும் அப்படித்தான், சில வண்டிகளில் அது மற்ற யூனிட்டுகளைத் தூங்கவே விடாது.

என் வண்டியில் நான் மூன்று வாரம் தேடியது ஒரு பல்பு. வெளிப்பக்கச் சாமான் பெட்டிக்குள் 5 வாட் பல்பு ஒன்று. மூடியைச் சாத்தினால் அணைய வேண்டும், அதன் ஸ்விட்ச் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. திறக்கும்போதெல்லாம் எரிவது இயல்புதானே, அதனால் சந்தேகமே வரவில்லை. ஒருநாள் மூடியைத் திறந்த கணத்தில் பல்பைத் தொட்டேன், கை சுட்டது. அரை மணி நேரமாக மூடியிருந்த பெட்டி அது. 5 வாட் என்றால் 0.4 ஆம்பியர், ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணி. எல்இடி பல்பாக இருந்தால் சுடாது. அப்போது போனில் வீடியோவை ஓடவிட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடி, வெளியே எடுத்துப் பாருங்கள்.

கசிவைச் சரிசெய்த பிறகும் அந்த வழக்கமான 50 மில்லி ஆம்பியர் மிச்சம் இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் சார்ஜர் இருக்க வேண்டும், அல்லது நெகட்டிவ் டெர்மினலில் ஒரு கட் ஆஃப் ஸ்விட்ச் போட்டுத் துண்டித்து வைக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட விடுகிறேன், அப்படியும் இறங்குகிறது

இதை அக்கறையோடு செய்பவர்கள் நிறைய பேர். ஆனால் இது பேட்டரிக்கு உதவாது. வழக்கமான 50 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மாதத்தில் போனது 36 ஆம்பியர்-மணி. ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் சுற்றாது. டீசல் வண்டியாக இருந்தால் ஸ்டார்ட்டுக்கு முன்னும் பின்னும் இன்ஜினுக்குள் சூடேற்றும் குளோ பிளக்கும் பெருமளவு இழுக்கும். பத்து நிமிடத்தில் நாலைந்து ஆம்பியர்-மணி திரும்பி வந்தாலே பெரிது. ஈய ஆசிட் பேட்டரியின் கடைசி 20 சதவீதம் நிறைய எத்தனை பெரிய சார்ஜராக இருந்தாலும் பல மணி நேரம் வேண்டும். அதை அவசரப்படுத்த முடியாது.

இன்ஜினுக்கும் நல்லதில்லை. முழுச் சூடு ஏறாமல் அணைத்தால் எரிபொருள் எரிந்து வந்த நீராவி சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீராகத் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்வதாக இருந்தால் ஒரு மணி நேரம் சாலையில் ஓட்டி வாருங்கள், டயருக்கும் பிரேக்குக்கும் சேர்த்து நல்லது. ஓட்ட முடியாது என்றால் ஸ்டார்ட் செய்யாமல் சார்ஜரில் விடுங்கள்.

டாஷ்போர்டில் சோலார் தட்டு வைத்திருக்கிறேன், பலனில்லை

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்னத் தட்டா? இக்னிஷன் அணைந்திருக்கும்போது அந்த சாக்கெட்டுக்கு இணைப்பு இருக்கிறதா என்று மீட்டரை வைத்துப் பாருங்கள். பல வண்டிகளில் சாவியை எடுத்ததும் சாக்கெட் துண்டிக்கப்படும். அப்படியானால் தட்டின் விளக்கு எரியும், பேட்டரிக்கு ஒன்றும் போகாது. வயரை ஃபியூஸோடு நேராக பேட்டரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

10 வாட் தட்டு நேர் வெயிலில் சுமார் அரை ஆம்பியர் தரும். நல்ல வெயில் நாளில் 2 ஆம்பியர்-மணி கிடைத்தால் அது 50 மில்லி ஆம்பியர் கசிவை ஈடுகட்டும். கண்ணாடிக்குப் பின்னால் படுக்க வைத்தால் அதில் பெரும் பங்கு போய்விடும், மேகமூட்டமான மாதங்களில் இன்னும் குறையும். வண்டிக்கு உறை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். 20 வாட்டோ அதற்கு மேலோ இருந்தால் நடுவில் கன்ட்ரோலர் கட்டாயம். மிகச் சின்னத் தட்டுக்கும் ராத்திரியில் பேட்டரியிலிருந்து திரும்பி ஓடாமல் தடுக்கும் டயோடு உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சார்ஜர் மாட்டினால் ஏற்கவே மறுக்கிறது, அல்லது சீக்கிரமே பச்சை விளக்கு வந்துவிடுகிறது

இரண்டும் வேறு வேறு கதை.

மிகவும் இறங்கிப்போன பேட்டரியில், எதிரே பேட்டரி இருக்கிறதா இல்லையா என்றே ஆட்டோமேட்டிக் சார்ஜருக்குத் தெரியாது, அதனால் வேலையைத் தொடங்காது. நல்ல 12 வோல்ட் பேட்டரி ஒன்றை ஜம்ப் கேபிளால் பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ் என இணைத்து, அதன் பிறகு சார்ஜரைப் போட்டால் தொடங்கிவிடும். அரை மணி நேரத்தில் நல்ல பேட்டரியைக் கழற்றிவிடலாம். இப்போது பேட்டரியின் பக்கங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். சூடானால் நிறுத்திவிடுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அது ஒரு பொறிக்கே வெடிக்கும். ஜன்னல், கதவு திறந்திருக்கட்டும். கிளிப்பை மாட்டும்போதும் எடுக்கும்போதும் சார்ஜரின் கரண்ட் அணைந்திருக்கட்டும்.

கடுங்குளிர்ப் பகுதியில் நிறுத்தியிருந்தால் அதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும். முழு சார்ஜில் உள்ள பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. காலியான பேட்டரியில் ஆசிட் ஏறக்குறைய தண்ணீராகிவிட்டதால் மைனஸ் 10ஐ ஒட்டியே உறைந்துவிடும். பக்கம் உப்பியிருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ அதை சார்ஜில் போடவே வேண்டாம்.

சீக்கிரம் பச்சை விளக்கு வருவது பெரும்பாலும் சல்பேட் இறுகிய பேட்டரி. வாங்கிக்கொள்ள இடமில்லாததால் வோல்ட் வேகமாக ஏறிவிடுகிறது, சார்ஜர் நிறைந்துவிட்டது என்று நினைக்கிறது. ஒரு ராத்திரி விட்டால் மறுபடி 12.2. சில சார்ஜர்களில் இதற்கென்று ஒரு மீட்பு முறை உண்டு. சில வாரம் மட்டும் இறங்கிக் கிடந்த பேட்டரி அதில் ஓரளவு தேறும். ஒரு வருடம் காலியாகக் கிடந்ததைக் காப்பாற்ற முடியாது.

10.5 என்ற எண்ணைப் பார்த்தால் யோசிக்க வேண்டாம். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல்கள், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். எவ்வளவு நேரம் சார்ஜ் செய்து ஓய விட்டாலும் 10.5இலேயே நின்றால் ஒரு செல் செத்துவிட்டது. மூடி திறக்கும் வகை பேட்டரியில் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இதை உறுதிசெய்யும். நல்ல செல்லில் 1.265ஐ ஒட்டியும் கெட்ட செல்லில் அதைவிட 0.050க்கு மேல் குறைந்தும் காட்டும். இந்த பேட்டரியை மாற்றத்தான் வேண்டும், சார்ஜரில் தொடர்ந்து வைத்தால் மற்ற ஐந்து செல்களும் கொதிக்கும்.

12.6 காட்டுகிறது, செல்ஃப் போட்டால் டக் டக் என்கிறது

பேட்டரி நிறைந்திருக்கிறது, மின்சாரம் போய்ச் சேரவில்லை. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றி, சோடா உப்பு கரைத்த தண்ணீரால் கழுவி, துடைத்து, கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து இறுக்குங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள். கரைசல் செல்லுக்குள் போய்விடாமல் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும்.

பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் உள்ளே தொடர்பு விட்டிருக்கும். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் கம்பத்திலும் மறு முனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அந்த மூட்டில். அடுத்து நெகட்டிவ் கம்பத்துக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் நடுவில் பாருங்கள். நெடுநாள் ஈரத்தில் நின்ற வண்டியில் எர்த் வயர் சேசிஸோடு சேரும் இடம் துருப்பிடித்திருப்பது சாதாரணம்.

மூட்டெல்லாம் சரியாக இருந்து, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்ட் 9.6க்குக் கீழே சரிந்தால், அந்த 12.6 வெறும் தோற்றம். பேட்டரியில் கொள்ளளவு தீர்ந்துவிட்டது.

தண்ணீர் வற்றுகிறது, அழுகிய முட்டை வாசம் வருகிறது

சார்ஜரே பேட்டரியைக் கெடுக்கிறது. 14.4 வோல்ட் சார்ஜ் ஏற்றும்போது சில மணி நேரத்துக்குத்தான் சரி. மாதக்கணக்கில் அதே அளவில் நின்றால் தண்ணீர் பிரிந்து ஆவியாகி, தகடு வெளியே தெரியும். சார்ஜரில் இரண்டு நாள் இருந்த பேட்டரியில் வோல்ட் பாருங்கள். 13.8ஐத் தாண்டியே நின்றால் அந்த சார்ஜரை நிரந்தரமாக விட்டுவைக்கக் கூடாது. தகடு தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி சார்ஜ் செய்யுங்கள், முழு அளவுக்கு நிரப்புவது சார்ஜ் முடிந்த பிறகு. முன்பே நிரப்பினால் பொங்கி வழியும். ஆசிட் ஊற்றவே கூடாது. முட்டை வாசம் வந்தால் சார்ஜரின் கரண்ட்டை நிறுத்தி, கதவுகளைத் திறந்துவிட்டு, வாசம் போன பிறகே கிட்டே போங்கள்.

வயரைக் கழற்றி வைத்தேன், திரும்ப மாட்டியபோது சிக்கல்

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பானர் பாடியில் பட்டதும் பெரிய பொறி வரும். கழற்றும் முன் ஸ்டீரியோவுக்குக் குறியீட்டு எண் தேவையா என்று பார்த்து எழுதி வையுங்கள். தனி பேட்டரி உள்ள சைரன் அலாரம் இருந்தால் கையேட்டில் சொல்லியபடி அணைத்துவிட்டுக் கழற்றுங்கள், இல்லையென்றால் திருட்டு என்று நினைத்து ஊளையிடும். ரிமோட்டால் மட்டும் திறக்கும் கதவென்றால், சாவி நுழையும் ஒரு பூட்டாவது வேலை செய்கிறதா என்று முன்பே சோதியுங்கள். மாட்டிய பிறகு பவர் ஜன்னலை ஒருமுறை முழுக்க மேலேற்றிப் பிடித்தால் பல வண்டிகளில் அதன் நினைவு திரும்பும். முதல் சில கிலோமீட்டர் ஐடில் கொஞ்சம் ஏறி இறங்கும், தானே சரியாகும்.

டிராக்கர் உள்ள வண்டியில் துண்டித்தால் அதன் உள் பேட்டரி சில நாளில் தீர்ந்துவிடும். காப்பீடு அதைக் கேட்கிறது என்றால் துண்டிக்காமல் சார்ஜரில்தான் வைக்க வேண்டும்.

மாதங்கள் கழித்து முதல் ஸ்டார்ட்

சார்ஜரைக் கழற்றி ஒரு ராத்திரி விட்ட பிறகு 12.6 இருக்கிறதா என்று பாருங்கள். மீட்டரை டெர்மினலிலேயே வைத்துக்கொண்டு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள், 10ஐ ஒட்டி இறங்கி மேலே வந்தால் நல்லது. இன்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.7க்கும் நடுவில் நிற்க வேண்டும். புதிய வண்டிகளில் எரிபொருள் மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டர் தானே வோல்ட்டைக் குறைக்கும். அங்கே ஹெட்லைட்டையும் ஹீட்டர் விசிறியையும் போட்டுவிட்டுப் பாருங்கள். அப்போதும் 12.5லேயே கிடந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள், ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை. இனி பார்க்க வேண்டியது அதன் பெல்ட்டையும் வயரையும்.